கறுப்பிக்கு ஓர் ஒப்பாரி

என் மகன் கொழும்பில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் தொலைபேசியில் அழைப்பான். சாப்பாடு, சளி, மழை என்று பேச்சு வழக்கமான வரிசையில்தான் போகும். போன ஞாயிறு அவன் வரிசையை மாற்றி, எடுத்த எடுப்பிலேயே ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டான்.

என் மாமாவும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் இளம் வயதில் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட இரண்டாவது ஒலிநாடாவை இப்போது யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் யாரும் சீண்டாத நாடா அது. இன்று பிள்ளைகள் தேடிப் பிடித்துக் கேட்கிறார்களாம். மூன்றாவது பாட்டில் கித்தார் ஓய்ந்த இடத்தில் ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் ஏதோ முணுமுணுக்கிறது. அது என்ன சொல்கிறது என்று பாட்டுக்குக் கீழே பெரிய வாக்குவாதமாம். பேய்க் குரல் என்கிறார் ஒருவர். பக்கத்து அறையில் ஓடிய வானொலி என்கிறார் இன்னொருவர்.

"மாமா தாத்தாக்கிட்ட கேட்டேம்மா. ஒங்கம்மாக்கிட்டயே கேட்டுக்கன்னு சொல்லிட்டாரு" என்றான்.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும். பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுதி வைக்காமல் விட்டுப்போனதை இப்போது எழுதி வைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ் பாதையில் இருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பின்பக்கம் சிறிய மரக்கறித் தோட்டம், அதன் எல்லையில் தனியாக ஒரு டர்பன்டைன் மரம், அதற்கு அப்பால் தேயிலை. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். காலையில் கூடையோடு போகும்போது அம்மா அந்த மரத்தடியில் ஒரு நிமிடம் நின்று கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொள்வார். கயிறு அந்த இடத்தில்தான் நழுவும் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்பில் ஒரு மின்சாமான் கடைக்கு வேலைக்குப் போனவர், இரண்டு வருடம் கழித்துத் தோள்வரை முடியும் கையில் ஒரு கித்தாருமாக வந்து இறங்கினார். லயத்தின் முதல் காம்பராத் தாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் தம்பி, கொழும்புல பார்பர் சாலூனெல்லாம் பூட்டிட்டானா?" என்று கேட்டார். மாமா கோபப்படவில்லை. திறந்திருக்கிறது, ஆனால் வரிசை நீளம் என்றார்.

அவருடைய குழுவில் இரண்டு சிங்களப் பையன்களும் ஒரு முஸ்லிம் பையனும் இருந்தார்கள். அவர்கள் வாசித்தது புளூஸ் ராக். கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்கள் பருத்திக் காட்டில் வேலை செய்தபோது பாடியதிலிருந்து வந்தது என்று மாமா விளக்கம் சொல்வார். கொழும்பில் ஒரு நண்பன் வீட்டில் பழைய இசைத்தட்டுகளில் அதைக் கேட்ட முதல் நாளே, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியதாம். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனதாம். கடைசியில் பார்த்தால் அது அக்காவின் ஒப்பாரி.

அம்மா ஒப்பாரிக்குப் பேர்போனவர். பக்கத்துத் தோட்டங்களில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி அழைப்பார்கள். தம்பியின் ஆராய்ச்சியைக் கேட்டதும் அவர் சொன்ன பதில், அப்படியானால் இனிமேல் நீ செத்த வீட்டில் போய் கித்தார் வாசி, எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பதுதான்.

முதல் நாடா வெளிவந்தபோது எங்கள் தோட்டத்தில் அதை வாங்கியவர் ஒரே ஒருவர். அவரும் ஒரு வாரத்தில் அதன் மேலேயே முருகன் பாட்டுகளைப் பதிந்துகொண்டார். நாடா நல்ல உழைப்பான நாடா என்று மாமாவிடமே பாராட்டினார்.

இரண்டாவது நாடாவைக் கொழும்பில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் முறையாகப் பதிந்தார்கள். எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் மட்டும் மாமா நடுவில் ஒரு இடைவெளி விட்டு வைத்திருந்தார். அங்கே அக்கா ஒப்பாரி வைக்க வேண்டும். நண்பர்களிடம் அதை வாக்காகவே சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக முடியாது. அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை. போர் நடந்த அந்த வருடங்களில் தோட்டத்து ஆட்கள் அது இல்லாமல் கொழும்பில் நடமாடுவது புத்திசாலித்தனம் அல்ல. அதனால் மாமா ஒரு சின்னப் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு ரயிலேறி ஹட்டனுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அதைத் திருப்பி எடுத்துப் போயாக வேண்டும்.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீ எனக்கு ஒரு ஒப்பாரி வச்சுத் தரணும்" என்றார் மாமா.

"யாருடா செத்தா?"

"யாரும் சாகல. பாட்டுக்குத்தான்."

"நல்லாருக்கே. சாகாத வீட்டுல ஒப்பாரி வச்சா அது ஆளத் தேடும்டா."

இது அம்மாவின் சொந்தக் கருத்து அல்ல. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளையாட்டுக்காகக்கூடப் பிள்ளைகள் ஒப்பாரி ராகத்தில் இழுத்தால் யாராவது ஒரு பெரியவர் வந்து முதுகில் ஒன்று வைப்பார். பிணம் நடுவீட்டில் கிடந்தால்தான் அந்த ராகம் வாயில் வரலாம். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். விளக்கு வைத்த நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் மாப்பிள்ளை என்றார்.

மாமா விடவில்லை. மறுநாள் மாலையில் புதிய ஏற்பாட்டோடு வந்தார். வீட்டில்தானே வைக்கக் கூடாது? ஹட்டன் நகரில் அவரோடு படித்த பையனின் தகப்பன் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, அடுப்பு எரிவதில்லை. சாவு தேடி வந்தாலும் அங்கே யாரைத் தேடும்?

அம்மா யோசித்தார். பிறகு வேறொரு சிக்கலைச் சொன்னார். ஒப்பாரி என்பது சும்மா பாடுகிற பாட்டு இல்லை. யாரையாவது முன்னால் கிடத்திச் சொல்லி அழ வேண்டும். உறவு சொல்லிக் கூப்பிட்டால்தான் அடுத்த வரி வரும்.

"யாருக்காகடா அழுவேன்? அம்மாவுக்கு அழுதாச்சு. அப்பாவுக்கு அழுதாச்சு. அழுது அனுப்புனவங்கள மறுபடி கூப்பிடக் கூடாது."

நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பை மாமா ஒரு கம்பால் கிளறினார். பிறகு, "அழாம அனுப்புனது ஒன்னும் இல்லையாக்கா?" என்று கேட்டார்.

அம்மா தட்டிய ரொட்டியைக் கல்லில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் மூன்று பேருக்கும் விடை தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரிந்திருந்தது.

"கறுப்பிக்கு யாரும் அழலயே" என்றேன்.

கறுப்பி என்பது என் ஆட்டுக்குட்டி. முந்திய மழைக்காலத்தில் சளி பிடித்துச் செத்துப்போனது. நான் மட்டும் அழுதேன், ஆனால் அது ராகமில்லாத சாதாரண அழுகை. கறுப்பி விஷயத்தில் எனக்கு அம்மா மேல் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. டர்பன்டைன் மரத்தடியில் நிழலாக இருக்கிறது, அங்கே புதைக்கலாம் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். அம்மா அங்கே தோண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்போதும் எனக்காகப் பரிந்து பேசும் அப்பாவும் அன்று பேசவில்லை. கடைசியில் கீழே ஓடைக்கரைச் சேற்றில்தான் கறுப்பியைப் புதைத்தார்கள்.

நான் சொன்னதும் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் புத்திசாலித்தனத்தைக் கண்டு வாயடைத்துப்போனார்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

"ஆட்டுக்கா?" என்றார் அம்மா.

"ஆட்டுக்குத்தான்" என்றார் மாமா. "ஆட்டுக்குன்னே வச்சுக்க."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "ஆட்டுக்குன்னா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் புறப்பட்டார்.

இப்படியாக ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஒப்பாரி வைக்க நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

ஸ்டூடியோ கடைத்தெருவில் மாடியில் இருந்தது. ஸ்டூடியோ முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர்; அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் ஏரியும் இரண்டு அன்னங்களும் எழுதிய பெரிய திரை தொங்கியது. மற்ற மூன்று பக்கமும் கனத்த சிவப்புத் துணி. எதிரொலியை அந்தத் துணி விழுங்கிவிடும், இது கொழும்புக் கூடத்தைவிட நல்லது என்று மாமா கருவியை இணைத்துக்கொண்டே சொன்னார். அன்னங்களுக்கு முன்னால் ஒரு முக்காலி இருந்தது. அம்மா அதில் நுனியில் உட்கார்ந்தார். நானா பழக்கதோஷத்தில், "தங்கச்சி, மொகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானே தலையில் தட்டிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் நால்வரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். மாமா அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குக் கழுத்து மிகவும் நீளமாக எழுதப்பட்டிருந்தது. அதை நானாவிடம் எடுத்துச் சொன்னேன். இருபது வருடமாக யாரும் சொல்லவில்லை மகள் என்றார் அவர்.

மழை விட்டது. மாமா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினார். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை, தன்னால் முடியாது என்று எழுந்துவிட்டார்.

"இந்த இரும்பப் பார்த்து அழச் சொல்றியா? ஒத்தையில அழுறது ஒரு அழுகையாடா?"

அவர் சொன்னது நியாயம். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். இங்கே பிடித்துக்கொள்ளத் தோள் இல்லை. மாமாவின் முகம் தொங்கிப்போனது. ரயில் நேரம் நெருங்கியது. இந்தப் பாட்டு முழுமையடையாமல் நாடாவை வெளியிட மாட்டேன் என்று அவர் நண்பர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார் என்பது எனக்கும் தெரியும்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். முக்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து, "இங்க வா" என்றார். போனேன். என்னை மடியில் இழுத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு நெற்றியை என் தோளில் வைத்தார். மாமா ஒலிவாங்கியைக் கீழே இறக்கி வைத்தார்.

அம்மாவின் குரல் என் தோள் எலும்புக்குள்தான் முதலில் கேட்டது.

"கண்ணு தெறக்கலியே – என் ராசா
கருக்கலுந்தான் விடியலியே
மண்ணு மடியாச்சே – ஒனக்கு
மரத்தடியே தொட்டிலாச்சே

பேரு வைக்கலியே – ஒன்னப்
பேர் சொல்லிக் கூப்பிடல
மாரு கனக்குதையா – என் ராசா
மல ஏறிப் போகயில"

நான் கவனமாகக் கேட்டேன். கறுப்பி என்னுடைய ஆடு. அதைப் பற்றி அம்மா பாடுவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. முதல் வரியே பிழை. கறுப்பிக்குக் கண் நன்றாகத் தெரியும். மரத்தடி என்பதும் பிழை, ஓடைக்கரை என்று வர வேண்டும். பேர் வைக்கவில்லை என்பது பெரிய பிழை. பேர் வைத்தவளே நான்தான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மறுபடியும் "என் ராசா" என்று அம்மா நீட்டி இழுத்தபோது என்னால் முடியவில்லை. அம்மாவின் காதருகில் மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, அது பெட்டக் குட்டிம்மா."

அம்மாவின் கை என்னை இன்னும் இறுக்கியது. பாட்டு நிற்கவில்லை. அது இப்போது பாட்டாகவே இல்லை. வரிகள் உடைந்து வெறும் குரலாக வந்துகொண்டிருந்தது. நான் சாவு வீடுகளில் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவர் அழும்போதே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கண் பார்த்துக்கொண்டிருக்கும். இடையில் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வார். இது அப்படி இல்லை. ஒரு ஆட்டுக்கு இவ்வளவு தேவையா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கறுப்பி மேல் அம்மாவுக்கு இத்தனை பிரியம் இருந்ததை அது இருந்தபோது நான் பார்த்ததில்லை.

மாமா கருவியை நிறுத்தினார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அன்னங்களைப் பார்த்தபடி நின்றார். நான் நடுவில் பேசியதற்குத்தான் கோபம் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். கருவி நின்ற பிறகும் அம்மா நிறுத்தவில்லை.

அதற்குள் படிக்கட்டில் ஒரு கலவரம். கல்யாணப் படம் எடுக்க வந்த மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு படியேறி வந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒப்பாரி. பெண்ணின் தாய் மகளின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். பின்னால் மொத்தக் கூட்டமும் இறங்கியது. நானா கடைசிப் படிவரை ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"தம்பி, கலியாண வீட்டு ஆக்கள மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி ஓட வச்சிட்டீங்களே" என்றார். அதைச் சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர், அம்மாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் ஆட்கள் சொல்லும் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிவிட்டு, வாசல் பக்கத்துச் சிவப்புத் துணியை மெதுவாக இழுத்து மூடினார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகு மாமா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நடுவில் பிள்ளை பேசியது பதிந்துவிட்டது, இன்னொரு தடவை பாட முடியுமா என்றார்.

"ஒரு சாவுக்கு ஒரு தடவதான்" என்றார் அம்மா.

மாமா மறுபடி கேட்கவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரைக் கூட்டம். வெள்ளை உடுத்திய ஒரு சிங்கள அம்மையார் அம்மாவின் கண்களைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டிலிருந்து வருகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா ஆமாம் என்றார். அந்த அம்மையார் எழுந்து தன் இடத்தை அம்மாவுக்குக் கொடுத்தார், எனக்கு ஒரு துண்டு தொதல் இனிப்பு கொடுத்தார். செத்தது யார் என்று அவர் கேட்டதும் அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். ஆடு என்று சொன்னால் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாரே என்று பயமாக இருந்தது. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அவரும் மேலே கேட்கவில்லை. உட்கார இடம் கிடைப்பதற்காக அம்மா ஒரு பொய் சொல்லிச் சமாளித்துவிட்டார் என்று முடிவுசெய்தேன்.

தொதலைத் தின்று முடித்ததும் பிழைகளை வரிசையாக எடுத்துச் சொன்னேன். கண், மரத்தடி, பேர், ராசா. அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆமாடி" என்றார். "மறந்துட்டேன்."

"நாடால அப்படியே வந்துருமேம்மா."

"வரட்டும். கறுப்பிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனால் அன்று அம்மா தோட்டத்துச் சந்தியில் இறங்கி மலை ஏறியபோது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். சாதாரணமாக நான்தான் முன்னால் ஓடுவேன்.

நாடா வெளிவந்ததும் மாமா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். லயத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பாட்டுப் பெட்டியில் பற்றரி போட்டு, மாலையில் எல்லோரும் கூடியிருக்கக் கேட்டோம். மூன்றாவது பாட்டில் அம்மாவின் குரல் வந்ததும் முதல் காம்பராத் தாத்தா, "இது யாருக்கு வச்சது?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "ஆட்டுக்குங்க" என்றார். லயமே சிரித்தது. எங்கள் வீட்டு ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை தன் மாமியாருக்குக்கூடக் கிடைக்கவில்லை என்றார் ஒரு அக்கா. என் குரல் வந்த இடத்தில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். தூறிக்கொண்டிருந்தது. அவர் மரக்கறித் தோட்டத்தைத் தாண்டி டர்பன்டைன் மரத்தடியில் போய் நின்றதை நான் கதவு வழியாகப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்குவதென்றால் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அப்பாவுக்குக் கித்தார் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து நாடாவைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டேன். அந்தப் பக்கத்திலும் கித்தார்தான் இருந்தது.

பல வருடம் கழித்து என் மகன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னைப் பார்க்க வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கி, அது கண்ணைத் திறந்து மூடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தபடியே, "ஒனக்கு முன்னாடி ஒன்னு பொறந்துச்சு" என்றார். "ஆம்பளப் புள்ள. கண்ணு தெறக்கல."

அவ்வளவுதான் அப்பா தானாகச் சொன்னது. மற்றதை நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்குப் பேர் வைப்பதில்லை, சடங்கு செய்வதில்லை, ஒப்பாரி வைப்பதில்லை. அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தபோது, தாய் அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்று சொல்லி லயத்துப் பெரிய பெண்கள் அவர் வாயைப் பொத்திவிட்டார்கள். அம்மாவும் அழுகையை நிறுத்திக்கொண்டார். மாரில் பால் கட்டியிருக்கும்போதே மலைக்கு வேலைக்குப் போனார். அடுத்த பிள்ளை தங்கியது. அது நான். அன்று டர்பன்டைன் மரத்தடிக்கு அப்பாவோடு மண்வெட்டி எடுத்துப் போனவர் மாமா. அவருக்கு அப்போது மீசை முளைக்காத வயது.

இதைப் பற்றி அம்மாவிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. கடைசிவரை எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்குப் பேர் கறுப்பி பாட்டுதான். அம்மா இப்போது இல்லை.

இந்த ஞாயிறு மகன் சொன்ன நேரத்துக்கு அழைத்தான். சாப்பாடு, சளி, மழை எல்லாம் முடிந்ததும் அவனுக்குச் சொன்னேன். பாடுவது உன் அம்மாச்சி. பேசும் பிள்ளை நான். எங்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி செத்துப்போனது, அதற்காகப் பாடியது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆட்டுக்கா, ஆட்டுக்கா என்று அன்று அம்மா கேட்டதையே இரண்டு தடவை கேட்டான். இப்போதே இதை அங்கே எழுதப்போவதாகச் சொன்னான். பிறகு பாட்டை ஒருமுறை போட்டுக் கேட்டான். எனக்கும் கேட்டது. அந்த இடம் வந்ததும் நிறுத்தினான்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க இதுல? பெட்டக் குட்டின்னா?"

"ஆமா. அப்படித்தான் சொல்றேன்."

"அப்ப பெட்ட ஆட்டுக்குட்டின்னு எழுதிரட்டா?"

நான் எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவள்.

"இல்லப்பா" என்றேன். "அந்தப் புள்ள சொல்றது பிழை. கிடாக் குட்டின்னு எழுது."